அக்காவின் கல்யாண டிவிடி கைப்பேசிக்குள் வந்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வீட்டு அலமாரியில் கிடந்த அக்காவின் கல்யாண டிவிடியைக் கைப்பேசியில் போட்டுத் தரச் சொன்னார் அம்மா. டிவிடியில் படம் இருக்கும் விஓபி (VOB) கோப்புகளை அப்படியே நகலெடுத்தேன். ஓடவில்லை. எல்லாம் எம்பெக்-2 (MPEG-2) என்ற பழைய வீடியோ வடிவம், அதுவும் 1 ஜிபி துண்டுகளாக.

அப்புறம் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், அந்தக் கோப்புகள் இருக்கும் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) உறையை முழுதாகத் திறந்து, கைப்பேசியில் ஓடும் எச்.264 எம்பி4 வடிவத்துக்கு மாற்றினேன். ஓடியது. ஆனால் மாலை மாற்றும்போது கை அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடுகள்! பழைய டிவிக்கான பால் (PAL) முறைப் பதிவு. 576 வரிகளை ஒற்றை, இரட்டை என்று பிரித்து மாறி மாறிப் பதிந்திருந்தார்கள். ஃபில்டர் பகுதியில், பிரிந்த வரிகளை ஒன்றாக்கும் டீஇன்டர்லேஸ் போட்டதும் கோடுகள் போயின. தரத்துக்கான ஆர்எஃப் (RF) எண்ணை 20 என்று வைத்தேன். எண் குறையக் குறையத் தரம் கூடும்; ஆனால் 20-க்கும் கீழே இறக்கினால் கோப்புதான் வீங்கும், கைப்பேசியின் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது.

அம்மா இப்போது அப்பா வரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்.