முப்பத்தொரு கோரிக்கையும் ஒரு விளக்குக் கம்பமும்: வார்டுக்கு நிதி கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். பக்கத்துத் தெரு நலச்சங்கத்துக்குப் புதுச் செயலாளர். கையில் பிளாஸ்டிக் ஃபைல். "அண்ணாச்சி, திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கப் போறோம். ஒருதரம் பாத்துச் சொல்லுங்க" என்றார். மனு நான்கு பக்கம். எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு கோரிக்கை. பதினோராவது மேம்பாலம், பன்னிரண்டாவது நாய்த் தொல்லை.

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவர் மேல் இல்லை. இதே மாதிரி ஒன்றை 2022-ல் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேதி போடாதது, கையெழுத்து வாங்காதது, நகல் எடுக்காதது போன்றவை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்பது

2022 பிப்ரவரியில் தேர்தல் முடிந்து நெல்லை மாநகராட்சியின் 55 வார்டுக்கும் கவுன்சிலர்கள் வந்த நேரம். அதற்கு முன் ஐந்து வருஷத்துக்கு மேல் மாமன்றமே கிடையாது, தனி அலுவலர் நிர்வாகம்தான். அதனால் ஆளாளுக்கு மனசில் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கூட்டத்தில் கொட்டினார்கள். ஒருத்தர் சொன்னதை விட்டால் அவர் முகம் சுண்டிப்போகும் என்று நானும் ஒன்று விடாமல் எழுதினேன். முப்பத்தொன்று.

உண்மையில் எங்களுக்கு உயிர்போகிற பிரச்சினை ஒன்றுதான். எங்கள் பகுதி மழைநீர் முழுக்க ஒரு வடிகால் வழியாகப் பாளையங்கால்வாயில் போய் விழ வேண்டும். அது விழும் இடத்தில் தூர்ந்து, கோரை முளைத்து அடைத்துக் கிடந்தது. மனுவில் அது ஒன்பதாவது.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருந்த உதவியாளர் மனுவை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். "இதுல எது மொதல்ல வேணும்ங்கத மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். ஐந்து பேர் போயிருந்தோம். வடிகால் என்றேன் நான். பூங்கா என்றார் தலைவர். ஒருவர் நூலகம், ஒருவர் ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம், பொருளாளர் மட்டும் "எல்லாமே மொதல்லதான்" என்றார். அந்த உதவியாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "பேசிட்டு வாங்க" என்றார். பேசினோம். மூன்று மாதம் பேசினோம்.

அந்த ஆகஸ்டில் முதலமைச்சர் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத முக்கியமான 10 கோரிக்கைகளைப் பதினைந்து நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொல்லி. 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தில் வந்தது அது. பதினைந்து நாளில் யார் போய் அளவெடுத்து, எஸ்டிமேட் போட்டு முடிப்பது? விவரம் தயாராக வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கடிதம் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. எங்களிடம் இருந்தது முப்பத்தொரு வரி.

அடுத்த வருஷம் ஒரு காலையில் லாரி வந்து நின்றது. முச்சந்தியில் ஹைமாஸ் விளக்கு. மனுவில் பத்தொன்பதாவது.

இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அது தேங்காமல் வேலையாக மாற வேண்டும். வடிகால் என்றால் மட்டம் பார்க்க வேண்டும், ஆக்கிரமிப்பு இருக்கிறதா என்று சர்வேயர் வர வேண்டும், கால்வாய் நீர்வளத்துறையுடையது என்பதால் அவர்களிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். விளக்குக்கு நாலடி இடமும் ஒரு மின் இணைப்பும் போதும். வரிசை சொல்லாத பட்டியல் கைக்கு வந்தால் சுலபமானதைத்தான் எடுப்பார்கள். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஊருக்கு எது முதலில் தேவை என்பதை ஏதோ பெரிய மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் காகிதம் தயாராக இருக்கிறது என்பதுதான் பாதி முடிவு.

2023 டிசம்பர் 17, 18 மழையை நெல்லைக்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கரண்ட் இல்லை. மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் முச்சந்தியில் இடுப்பளவு தண்ணீர், நடுவில் அந்தக் கம்பம். நாங்கள் கட்டியிருந்த நன்றி பேனர் ஒரு முனை அவிழ்ந்து தண்ணீரில் அலைந்துகொண்டிருந்தது. வடிகால் சரியாக இருந்திருந்தால் தண்ணீரே வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன், அன்றைக்குத் தாமிரபரணியே ஊருக்குள் வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் வடிய நான்கு நாள் ஆகியிருக்காது.

இப்போது எங்கள் சங்கத்தில் மூன்றுக்கு மேல் கேட்பதில்லை. எது முதலாவது என்பதைக் கை தூக்கி ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறோம். தோற்றவர்களும் அதில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அந்த முதலாவதுக்கு மட்டும் சர்வே எண், நீள அகலம், எத்தனை வீடு பாதிக்கப்படுகிறது, மழை நாளில் எடுத்த படம், வார்டு உதவிப் பொறியாளர் சொன்ன உத்தேச மதிப்பு என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம். விளக்கு மாதிரிச் சில்லறை வேலைகளைத் தனி மனுவில், வேறு நாளில் கேட்கிறோம். பெரியதையும் சின்னதையும் ஒரே காகிதத்தில் எழுதினால் சின்னது பெரியதைத் தின்றுவிடும்.

யாருடைய இடம் என்று பார்க்காதது

மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதெல்லாம் மாநகராட்சியுடையது அல்ல. பஸ் ஓடும் பெரிய சாலைகள் பலவும் நெடுஞ்சாலைத்துறையுடையவை. பாளையங்கால்வாய், நெல்லை கால்வாய் இரண்டும் நீர்வளத்துறைக்கு. ரயில் விஷயம் இன்னும் வேடிக்கை. நெல்லை சந்திப்பு மதுரைக் கோட்டம், அடுத்தாற்போல இருக்கும் மேலப்பாளையம் நிலையம் திருவனந்தபுரம் கோட்டம். ஒரே ஊர், இரண்டு கதவு. தவறான கதவைத் தட்டினால் மனு மேஜை மேஜையாக நகர்ந்து, 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பும்.

புது மனைப்பிரிவுகளில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. உங்கள் தெருவைத் தானப் பத்திரம் எழுதி மாநகராட்சிக்கு ஒப்படைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கணக்கில் அது இன்னும் தனியார் நிலம், அதில் தார் போட அரசுப் பணத்தை எடுக்க மாட்டார்கள். கட்டடம் கேட்பவர்கள் நில ஆவணத்தில் அந்த இடம் என்ன வகை என்று பார்த்துவிட வேண்டும். ஓடை என்றோ குளம் என்றோ இருந்தால், இப்போது அங்கே புழுதி பறந்தாலும் அது நீர்நிலைதான்.

எல்லாப் பணமும் ஒரே பணம் என்று நினைப்பது

பத்து லட்சத்துக்குக் கீழே மக்கள்தொகை உள்ள நெல்லை மாதிரி ஊர்களுக்கு மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்கும் ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்ட பணம். அதில் போய் சமுதாயக்கூடம் கேட்டால் கிடைக்காது. எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, ஆனால் வழிபாட்டுத் தலத்துக்குள்ளும் தனியார் இடத்திலும் செலவு செய்ய முடியாது. நமக்கு நாமே திட்டத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை நாம் போட வேண்டும். 1843-ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் தாமிரபரணிக்குப் பாலம் கட்டினார் என்பதைச் சொன்னால் நம் ஆட்கள் கை தட்டுவார்கள், வீட்டுக்கு ஐந்நூறு என்றால் கதவைச் சாத்துவார்கள்.

தீர்மானத்தோடு நின்றுவிடுவது

மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது என்று இனிப்புக் கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். 'அரசை வலியுறுத்துகிறது' என்று முடிகிற தீர்மானம் ஒரு கடிதம், அவ்வளவுதான். புதிதாகத் தூய்மைப் பணியாளர் பணியிடம் வேண்டும் என்றால் கூட அரசு அனுமதி வேண்டும். அந்தத் தீர்மானத்தின் நகலோடு எம்.எல்.ஏ.வைப் பார்க்க வேண்டிய நேரம், சட்டமன்றத்தில் நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் விவாதம், வருவதற்கு முன். அமைச்சர்கள் புது அறிவிப்புகளை வெளியிடுவது அப்போதுதான். அரைப் பக்கம், இரண்டு எண்ணிக்கை, ஒரே கோரிக்கை. அவையில் பேசக் கிடைக்கும் சில நிமிஷத்தில் அதைத்தான் வாசிக்க முடியும். சட்டமன்ற மனுக்கள் குழு என்று ஒன்று மாவட்டங்களுக்கு வந்து மனு வாங்குகிறது, அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

மார்ச்சில் போய் நிற்பது

நிதியாண்டு மார்ச்சோடு முடிகிறது. பந்தி முடிந்த பிறகு இலை கேட்கிற வேலை. டிசம்பருக்குள் கொடுங்கள்.

கட்ட மட்டும் கேட்பது

பூங்காவுக்குப் பணம் வரும். தண்ணீர் ஊற்றவும் கேட்டைப் பூட்டவும் வராது.

போட்டோ

மனு கொடுக்கிற மாதிரி எடுத்தாயிற்றா? சரி. மனு எண் எங்கே?

தம்பி கதைக்கு வருகிறேன். அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து இருபத்தாறையும் அடித்து ஆறாக்கினார். அதற்குக் கீழே போகவில்லை. "மேம்பாலத்த மட்டும் எடுக்க முடியாது அண்ணாச்சி, அது தலைவர் சொன்னது" என்றார். மறுநாள் காலை அதே தலைவரைப் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு, சர்வே எண் பார்க்கத் தாலுகா ஆபீஸ் பக்கம் போனார்.