நானூறு ரூபாய்ப் புத்தகத்தை எங்கே வாங்குவது?

என் கைப்பையில் எப்போதும் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். வாங்க வேண்டிய புத்தகங்களை அதில் குறித்து வைப்பேன். புத்தகத்தின் பெயர், பதிப்பகம், அச்சிட்ட விலை, இணையத்தில் பார்த்த விலை, கடையில் சொன்ன விலை என்று ஐந்து கட்டம். திருமங்கலம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எனக்கு, என் மகளுக்கு, வகுப்பில் வைத்திருக்கும் அலமாரிக்கு என்று மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்வரை புத்தகத்துக்குப் போகிறது. சம்பளப் பணம், விலை பார்க்காமல் வாங்க முடியாது. அதே சமயம், மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நான் பதினெட்டு வருடமாகப் போய்வரும் அந்தச் சின்னக் கடையை மூடிவிட்டார்கள் என்று ஒருநாள் கேள்விப்பட்டால் என்னால் தாங்க முடியாது. பணமும் வீணாகாமல் கடையும் நிலைக்கும்படி எப்படி வாங்கலாம் என்று பழகி வைத்திருப்பதை எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் விலை பார்ப்பது ஒரே புத்தகத்துக்குத்தானா என்று பாருங்கள். பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், அச்சிடவும் செய்கிறார்கள். ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாக்கி, பொடி எழுத்தில் மெல்லிய தாளில் போடுகிறவர்கள் உண்டு. ஐந்து தனித்தனிப் புத்தகமாக, கெட்டி அட்டை போட்டு, படங்களோடு தருகிறவர்களும் உண்டு. இணையத்தில் இரண்டும் ஒரே பெயரில் அடுத்தடுத்து நிற்கும். விலை பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கும். நான் ஒருமுறை மாமியாருக்காக மலிவான பதிப்பை வாங்கினேன். எழுபது வயது. இரண்டு நாள் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “எழுத்து எறும்பு மாதிரி ஊருதும்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு பெரிய எழுத்துப் பதிப்பைக் கடையில் பிரித்துப் பார்த்து வாங்கினேன். மொத்தத்தில் இரண்டு புத்தகத்தின் விலை ஆனது.

அதனால் பின்னட்டையில் பட்டைக்கோட்டுக்கு அருகே 978 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க எண்ணைப் பாருங்கள். அதுதான் ஐ.எஸ்.பி.என். பெயரை விட்டுவிட்டு அந்த எண்ணைத் தேடலில் போட்டால் அதே பதிப்பு வந்து நிற்கும். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் இந்த எண் இருக்காது. அப்போது பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்க எண்ணிக்கை மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சரி, புத்தகம் ஒன்றுதான் என்று உறுதியாகிவிட்டது. இப்போது விலைக்கு வருவோம். திரையில் தெரிகிற விலையை நான் கட்டத்தில் எழுதுவதில்லை. பணம் கட்டும் கடைசிப் பக்கம்வரை போய், அங்கே வரும் தொகையைத்தான் எழுதுவேன். அச்சிட்ட விலை 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் 15 சதவீதம் கழிவு, 340. டெலிவரிக்கு 50 சேர்ந்தால் 390. டெலிவரி இலவசமாக வேண்டும் என்றால் இன்னொரு பொருளைச் சேர்க்கச் சொல்லும். நமக்குத் தேவையே இல்லாத ஒன்றை 150 ரூபாய்க்குச் சேர்த்து, 50 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வோம். கடையில் 10 சதவீதம் கழிவு போனால் 360. அதோடு போக்குவரத்துச் செலவைக் கூட்ட வேண்டும். எனக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் என்பதால் அது பூஜ்யம். நீங்கள் பைக்கில் முப்பது கிலோமீட்டர் போகிறவர் என்றால் பெட்ரோலைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் எப்படியும் டவுனுக்குப் போகிற நாளில் வாங்கினால் அந்தக் கணக்கு வராது. நான் பல் மருத்துவரிடம் போகும் நாளில்தான் கடைக்கும் போவேன்.

இன்னொன்று. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் புத்தகத்துக்கு நேரே வரி போட்டிருந்தால், கடையாக இருந்தாலும் இணையமாக இருந்தாலும் கேளுங்கள்.

ஒரே ஒரு புத்தகம் வாங்கும்போது கடை விலையும் இணைய விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கிறது என்பதை என் நோட்டில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஐந்தாறு புத்தகம் சேர்த்து வாங்கும்போதுதான் இணையம் முந்துகிறது. அப்போதும் கடைக்காரரிடம் பேசிப் பார்க்க வழி இருக்கிறது. ஆனால் பேசுவதற்கு முன்னால் அவர் கையில் என்ன நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். அவர் பில் புக்கைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார்.

பதிப்பகங்கள் கடைகளுக்குப் பொதுவாக 25 முதல் 35 சதவீதம்வரை கழிவு தருகின்றன. 30 என்றே வைத்துக்கொள்வோம். 400 ரூபாய்ப் புத்தகத்தில் 120. அதில் எனக்கு 10 சதவீதம் விட்டுக்கொடுத்தால் 40 போய்விடும். மிச்சம் 80. கடை வாடகை, கரண்டு பில், உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளம், சென்னையிலிருந்து பார்சல் வந்த கூலி எல்லாம் அந்த 80-க்குள். விற்காத புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் பதிப்பகமும் உண்டு, எடுக்காத பதிப்பகமும் உண்டு. எடுக்காவிட்டால் அதன் முதலும் அலமாரியில் முடங்கும். நான் 20 சதவீதம் கேட்டால் அவருக்கு நிற்பது 40. அன்றிலிருந்து ஒற்றைப் புத்தகத்துக்கு நான் பத்துக்கு மேல் கேட்பதில்லை. கேட்பதற்கு வேறு நல்ல வழி இருக்கும்போது எதற்கு அதைக் கேட்க வேண்டும்?

அந்த வழி இதுதான். ஒரே பதிப்பகத்தின் புத்தகங்களைச் சேர்த்து வாங்குவது. பதிப்பகத்திடம் மொத்தமாக எடுக்கும்போது கடைக்கே கழிவு கூடும், அதில் நமக்கும் ஒரு பங்கு வரும். போன ஜூனில் வகுப்பு அலமாரிக்காகப் பத்துப் புத்தகம் தேவைப்பட்டது. நோட்டோடு போய், “அண்ணே, இது இணையத்துல டெலிவரியோட இவ்வளவு ஆகுது. உங்களால என்ன பண்ண முடியும்?” என்று கேட்டேன். அவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, “டீச்சர், இதுல ஏழு ஒரே பதிப்பகம். பத்து நாள் பொறுத்துக்கிட்டா சேர்த்து வரவழைச்சு, ஏழுக்கும் பதினெட்டு போட்டுத் தாரேன். மத்த மூணுக்கு பத்துதான்” என்றார். பாதிப் பணத்தை முன்னாலேயே ஜிபேயில் போட்டுவிட்டேன். அவர் கைமுதல் போடாமல் வரவழைக்க அது உதவும். இணையத்தைவிட 65 ரூபாய்தான் கூட ஆனது.

அந்த 65 ரூபாய்க்கு என்ன கிடைத்தது என்றும் சொல்ல வேண்டும். பட்டியலைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, ஏழாம் வகுப்பில் ஒரு பையன் எந்தப் புத்தகத்தையும் இரண்டு பக்கத்துக்கு மேல் தொடுவதில்லை என்று சொன்னேன். “வீட்டுல என்ன செய்வான்?” என்று கேட்டார். மொட்டை மாடியில் புறா வளர்க்கிறான் என்றேன். ஸ்டூலில் ஏறி மேல் தட்டிலிருந்து பறவைகளைப் பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, தூசியைத் துண்டால் தட்டிக் கொடுத்தார். 60 ரூபாய். பையன் அதை இரண்டே நாளில் முடித்துவிட்டு, “இதே மாதிரி வேற இருக்கா டீச்சர்?” என்று வந்து நின்றான். அந்தப் புத்தகத்தின் பெயரே எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எந்தத் தேடல் பெட்டியில் போய்த் தட்டுவேன்?

இதனால்தான் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கடையில் ஒரு மணி நேரம் நின்று, புரட்டிப் பார்த்து, அவரிடம் யோசனையும் கேட்டுவிட்டு, அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டுபோய் வீட்டில் ஆர்டர் போடாதீர்கள். கடையில் கண்டுபிடித்த புத்தகத்தைக் கடையிலேயே வாங்குங்கள். இன்று பணம் இல்லையென்றால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வைப்பார்கள்.

எல்லாவற்றையும் கடையில்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போட்டித் தேர்வுக் கையேடு, ஆங்கிலப் பல்கலைக்கழகப் பதிப்புகள், கடைக்காரரே “நம்மகிட்ட வராது டீச்சர்” என்று கைவிரிப்பவை எல்லாம் இணையத்தில்தான் வாங்குகிறேன். கையேட்டுக்கு மட்டும் பதிப்பு ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடத்துப் பிரதியைக் குறைந்த விலையில் தள்ளிவிடுவார்கள். பதிப்பகத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவதும் நல்லதே. தமிழில் பெரும்பாலான பதிப்பகங்களும் சின்ன அமைப்புகள்தான், இடையில் யாரும் இல்லாததால் முழுப் பணமும் அவர்களுக்குப் போகும். பெரிய தொகுப்புகளுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தால் அதில் சேர்ந்துவிடுங்கள். அச்சுச் செலவுக்கு அவர்களுக்குப் பணம் முன்னாலேயே வரும், நமக்கும் விலை நன்றாகக் குறையும்.

பெரிய சந்தைத் தளங்களில் வாங்கும்போது விற்பவர் யார் என்று கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். எனக்கு ஒருமுறை யாரோ ஒரு விற்பனையாளரிடமிருந்து வந்த நாவலில் அட்டைப்படம் கலங்கியிருந்தது, வரிகள் பக்கத்தில் சாய்ந்து ஓடின, தாளில் பின்பக்க எழுத்து தெரிந்தது. திருட்டு அச்சு. கழிவு 45 சதவீதம் என்று பார்த்ததும் அவசரப்பட்டுவிட்டேன். அப்படி விற்கும் பிரதியில் எழுதியவருக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. அதற்குத் தலைகீழாகவும் நடக்கும். 200 ரூபாய் விலை அச்சிட்ட புத்தகத்தை 650 என்று போட்டிருப்பார்கள். உடனே பதிப்பகத்துக்கு ஒரு போன் போடுங்கள். மறுபதிப்பு வந்து அச்சிட்ட விலைக்கே அங்கே கிடைப்பதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

கடை இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் தபாலைக் கேளுங்கள். கூரியரைவிடக் குறைவு. அஞ்சல் துறை 2025 மே மாதம் ‘ஞான் போஸ்ட்’ என்று புத்தகங்களுக்கென்றே ஒரு சேவையைத் தொடங்கியது. தொடங்கியபோது 300 கிராம்வரை 20 ரூபாய், 5 கிலோவரை 100 ரூபாய், வரி தனி. தரை வழியில் போவதால் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் எங்கே போகிறது என்று எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருந்தால் நீங்களே சொல்லுங்கள். என் தங்கை ஓசூரில் இருக்கிறாள். அவளுக்கு இந்த மதுரைக் கடையிலிருந்துதான் போகிறது. நாலு புத்தகம் சேர்ந்த பிறகு ஒரே கட்டாக அனுப்பச் சொல்வோம்.

வாங்குவதற்கே முன்னால், அது இலவசமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சங்க இலக்கியம், பாரதி எல்லாம் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் படிக்கக் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம். ஒரு மேற்கோள் சரிபார்க்க மட்டும் தேவைப்படும் நூலுக்கு நான் காசு செலவழிப்பதில்லை. அந்தக் காசு உயிரோடு எழுதிக்கொண்டிருக்கிறவரின் புத்தகத்துக்குப் போகட்டும்.

புத்தகக் காட்சிகளில் எல்லா அரங்கிலும் 10 சதவீதம் கழிவு. கடையிலும் அதேதான் கிடைக்கிறது என்பதால் விலைக்காக நான் அங்கே போவதில்லை. மதுரைக் கடைகளுக்கு வராத சின்னப் பதிப்பகங்களைப் பார்க்கத்தான் தமுக்கம் மைதானத்துக்குப் போவேன். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாளை ஒட்டிப் பல பதிப்பகங்கள் கூடுதல் கழிவு தரும். விலை கூடிய தொகுப்புகளை அதுவரை தள்ளிப்போட்டால் நல்ல மிச்சம்.

இந்த மாதம் நோட்டில் ஆறு பெயர் இருக்கிறது. ஒன்று மகளின் நுழைவுத்தேர்வுக் கையேடு, நேற்றே இணையத்தில் போட்டாகிவிட்டது. ஒன்று மின்னூலகத்தில் கிடைத்துவிட்டது. மிச்சம் நாலில் மூன்று ஒரே பதிப்பகம். வியாழக்கிழமை பல் மருத்துவரிடம் போக வேண்டும், அன்று அண்ணனிடம் பட்டியலைக் கொடுத்து முன்பணம் போட்டுவிட்டு வருவேன். புறாப் பையனுக்கும் அடுத்ததாக ஒன்று கேட்டு வைக்க வேண்டும். இப்போது முயல் வளர்க்கிறானாம்.