பழைய கைகளுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6: முதலில் காக்க வேண்டியது டிரைவ் கேஜ்

கோலாலம்பூரில் நாற்பதைத் தாண்டிய பலருக்கு கையிலிருந்து ஆற்றல் உருண்டையை வீசும் ஹடோக்கன் அடியைப் போடுவது எப்படி என்று யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ ஆட்டத்தின், 1991இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் பழகிய கட்டைவிரல், கீழே, சாய்வு, முன்னே, குத்து என்ற வரிசையை இன்றும் தானாகவே போட்டுவிடும். அப்படிப்பட்டவர் ஆறாம் பாகத்தை வாங்கி அக்காள் மகனோடு ஆட உட்கார்ந்தால், பெரும்பாலும் முதல் மாலையிலேயே வரிசையாகத் தோற்பார். அதற்கு வயதையும் விரல் வேகத்தையும் காரணமாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் திரையைச் சற்று கவனித்தால் வேறொரு காரணம் தெரியும். உயிர்க்கோட்டுக்குக் கீழே ஆறு கட்டங்களாக ஒரு பச்சைக் கோடு இருக்கிறது. அதன் பெயர் டிரைவ் கேஜ். பழைய ஆட்டக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை; அக்காள் மகன் அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆகவே இந்த வழிகாட்டி காம்போக்களை, அதாவது இடைவிடாமல் தொடுத்துப் போடும் அடிகளை, பட்டியலிடப் போவதில்லை. கேப்காம் நிறுவனம் 2023 ஜூன் 2ஆம் தேதி வெளியிட்ட இந்தப் பாகத்தில், அந்தப் பச்சைக் கோட்டை எப்படிச் செலவிடுவது, எப்படிக் காப்பது, அதற்கு எப்படிப் பயிற்சி செய்வது என்பதையே முதன்மையாகச் சொல்லும். வாங்கலாமா என்று இன்னும் யோசிப்பவர்கள், ரியூ, லூக் என்ற இரு வீரர்களை வைத்து ஆடிப் பார்க்கும்படி வெளியிடப்பட்ட இலவச டெமோவிலிருந்து தொடங்கலாம்.

கட்டுப்பாட்டு முறையும் ஆளும்

ஆட்டத்தைத் தொடங்கியதும் மூன்று கட்டுப்பாட்டு முறைகள் முன்வைக்கப்படும். கிளாசிக் என்பது மூன்று குத்து, மூன்று உதை என்ற பழைய ஆறு பட்டன் முறை. மாடர்ன் முறையில் ஒரு பட்டனும் ஒரு திசையும் போதும், சிறப்பு அடி வந்துவிடும். அதற்கு விலையாக, அப்படிப் போடும் சிறப்பு அடிகளின் வலிமை ஐந்தில் ஒரு பங்கு குறையும், சாதாரண அடிகளில் சிலவும் கிடைக்காது. மாடர்னில் இருந்துகொண்டே பழைய முறைப்படி திசைகளைச் சுழற்றிப் போட்டால் முழு வலிமையும் கிடைக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூன்றாவதான டைனமிக் முறையில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் கணினியே பொருத்தமான அடியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இணைய ஆட்டங்களில் அது செல்லாது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு வரும் சிறுபிள்ளைகளின் கையில் கண்ட்ரோலரைக் கொடுப்பதற்கு அதைவிட நல்ல முறை இல்லை.

மாடர்ன் முறை சிறுபிள்ளைகளுக்கானது என்று மாமாக் கடை மேசையில் தீர்ப்பு வழங்குவோர் உண்டு. அந்தத் தீர்ப்பை நான் ஏற்பதில்லை. பறந்து வருபவனை மேலெழும்பிக் குத்தும் ஷோர்யுக்கெனை ஒரே பட்டனில் போட்டு வீழ்த்த முடிவது உண்மையான பலம். ஆயினும் ஆறு பட்டன் ஏற்கெனவே கையில் பழகியவர்கள் கிளாசிக்கிலேயே இருப்பது நல்லது, ஏனெனில் அவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது அடி போடும் முறையை அல்ல.

வெளியீட்டின்போது இருந்த 18 பேரில் ரியூ, கென், சுன் லி, கைல், பிளாங்கா, தல்சிம், சாங்கீஃப், ஹோண்டா ஆகிய எட்டுப் பேரும் இரண்டாம் பாகத்திலிருந்தே நமக்குத் தெரிந்தவர்கள். நம் ஊர்க்காரர் என்ற பாசத்தில் தல்சிமை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நீளும் கைகளை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டு ஆட வேண்டிய அவர், மற்ற எவரைப் போலவும் நடந்துகொள்வதில்லை, அவரிடம் கற்றது இன்னொருவருக்கு அவ்வளவாகப் பயன்படாது. ரியூவையோ லூக்கையோ முதலில் பழகிவிட்டு, பிறகு யோகியிடம் போகலாம்.

பச்சைக் கோட்டின் கணக்கு

ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது ஆறு கட்டங்களும் நிறைந்திருக்கும். சூப்பர் ஆர்ட் என்ற உச்ச அடிகளுக்கான மூன்று நிலைக் கோடு ஒரு சுற்றிலிருந்து அடுத்த சுற்றுக்குத் தொடர்ந்து வரும். டிரைவ் கேஜ் அப்படியன்று, சுற்றுதோறும் புதிதாக நிரப்பித் தரப்படும். இதன் பொருள், அதைச் சேமித்து வைத்துப் பயனில்லை, ஆனால் சுற்றின் நடுவில் தீர்த்துவிடவும் கூடாது என்பதே.

செலவுகள் ஐந்து வகை. டிரைவ் இம்பேக்ட் என்ற பெரிய அடிக்கு ஒரு கட்டம். சிறப்பு அடியை இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் போட்டு ஓவர்டிரைவ் ஆக்கினால் இரண்டு கட்டம். எதிரியின் அடியைத் தடுத்துக்கொண்டிருக்கும்போதே அவனைத் தள்ளிவிடும் டிரைவ் ரிவர்சலுக்கும் இரண்டு. ஓர் அடியை இடையில் முறித்து முன்னே பாயும் டிரைவ் ரஷ்ஷுக்கு மூன்று, அதாவது மொத்தக் கையிருப்பில் பாதி. வரும் அடியை ஏற்றுத் தட்டிவிடும் டிரைவ் பேரியை அழுத்திப் பிடித்திருக்கும் வரை கோடு கரைந்துகொண்டே இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் எதிரியின் அடி வந்து விழுந்தால் போனது திரும்பி வரும். இவை போக, சும்மா தடுத்துக்கொண்டே இருந்தாலும் கோடு தேயும். பழைய ஆட்டக்காரர்களின் கணக்கு உதைப்பது பெரும்பாலும் இங்கேதான். பின்பக்கத் திசையைப் பிடித்தபடி மூலையில் உட்கார்ந்தால் பாதுகாப்பு என்ற இரண்டாம் பாகத்துப் பழக்கம், இங்கே மெல்ல மெல்லக் கையிருப்பைத் தின்றுவிடுகிறது.

கோடு முற்றிலும் தீர்ந்தால் வரும் நிலைக்கு பர்ன்அவுட் என்று பெயர். டச் அண்ட் கோ அட்டையில் பணமில்லாமல் டோல் சாவடிக்குள் நுழைந்தவரின் நிலைதான் அது: முன்னே போக வழியில்லை, பின்னால் வருபவர்களோ காத்திருக்க மாட்டார்கள். டிரைவ் அடி எதையும் போட முடியாது. தடுத்தாலும் சிறப்பு அடிகள் உயிர்க்கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். ஒவ்வொரு அடியைத் தடுத்த பின்பும் நீங்கள் மீள்வதற்கு வழக்கத்தைவிட நான்கு பிரேம் (ஒரு பிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு) கூடுதலாகும். எல்லாவற்றையும்விட மோசமானது மூலை. பர்ன்அவுட்டில் மூலையில் நின்று டிரைவ் இம்பேக்ட்டைத் தடுத்தால்கூட, சுவரில் மோதி மயங்கி நின்றுவிடுவீர்கள், எதிரி விரும்பிய காம்போவை நிதானமாகப் போட்டுக்கொள்வான். கோடு தானாக முழுவதும் நிரம்பும் வரை இந்த நிலை நீங்காது.

நான் பரிந்துரைக்கும் விதி எளியது. தொடக்க நாட்களில் கட்டங்கள் மூன்றுக்குக் கீழே இறங்கியதும் ஓவர்டிரைவையும் ரஷ்ஷையும் மறந்துவிடுங்கள்; அந்த அடி சுற்றையே முடித்துவிடும் என்றால் மட்டும் விதிவிலக்கு. பர்ன்அவுட்டில் விழுந்துவிட்டால் முதல் வேலை மூலையிலிருந்து விலகுவது, அடிப்பது இரண்டாவது. அந்த நேரத்தில் வீரம் காட்டிப் பறப்பவர்களை எதிரி ஆவலோடு எதிர்பார்த்துக்கொண்டிருப்பான்.

டிரைவ் இம்பேக்ட்டுக்குப் பதில் சொல்லும் பயிற்சி

கீழ்நிலைத் தரவரிசைகளில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஓர் அடிதான் என்பதால், இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குவது தகும். கிளாசிக்கில் வலிய குத்தையும் வலிய உதையையும் சேர்த்து அழுத்தினால் வரும் டிரைவ் இம்பேக்ட், எதிரியின் இரண்டு அடிகளை உடலில் தாங்கிக்கொண்டே முன்னேறி வந்து விழும். நீங்கள் கலங்கி இன்னொரு குத்து குத்தினால் அதையும் வாங்கிக்கொண்டு வரும். ஆனால் அது வந்து விழ 26 பிரேம் ஆகிறது. ஆட்டம் நொடிக்கு 60 பிரேம் ஓடுவதால், அது அரை நொடிக்குச் சற்றுக் குறைவு. பதில் சொல்ல அந்த நேரம் போதும்; தயாராக இல்லாதவருக்கு மட்டும் போதாது.

பதில்கள் பல. நீங்களும் ஒரு டிரைவ் இம்பேக்ட் போட்டால், பிந்திப் போட்டவர் வெல்வார், முந்தியவர் சரிந்து விழுவார். எட்டும் தூரத்தில் இருந்தால் பிடித்து எறியலாம், ஏனெனில் அந்தக் கவசம் அடிகளைத் தாங்குமே தவிர பிடிகளைத் தாங்காது. நேராக மேலே எழும்பி இறங்கும்போது அடிக்கலாம். திரையின் நடுவில் நிற்கிறீர்கள், கட்டங்களும் இருக்கின்றன என்றால் வெறுமனே தடுத்தாலே போதும். மூலையில் நின்று தடுப்பது மட்டும் கூடாது. கட்டங்கள் இருந்தாலும் சுவரில் மோதி அடி வாங்குவீர்கள்.

பயிற்சிக் களத்தில் எதிரியாக நிற்கும் பொம்மையின் செயல்களைப் பதிவு செய்யும் வசதி உள்ளது. முதல் பதிவில் டிரைவ் இம்பேக்ட்டை மட்டும் பதியுங்கள். இரண்டாவதில் முன்னே நடந்து வந்து நடுத்தரக் குத்து ஒன்று, மூன்றாவதில் ஒரு ஹடோக்கன், நான்காவதில் சும்மா முன்னும் பின்னும் நடப்பது. நான்கையும் முன்பின் தெரியாத வரிசையில் ஓடும்படி வைத்துவிட்டு, நீங்கள் சும்மா நிற்காமல், உண்மையான ஆட்டத்தில் செய்வதுபோல் நடங்கள், குத்துங்கள், ஹடோக்கன் போடுங்கள். சும்மா நின்று காத்திருந்து பதில் சொல்வது எவருக்கும் முடியும். கை வேறொரு வேலையில் இருக்கும்போது பதில் சொல்வதுதான் பழக வேண்டியது. எதிரியின் உடலைச் சுற்றி வண்ணச்சாயம் தெறிப்பதும், அதற்கே உரிய சத்தமும் ஒரே கணத்தில் வரும். கண்ணைவிடக் காது முந்திக்கொள்வதால் தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு ஆடாதீர்கள். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு ஆடுபவர்கள் ஹெட்ஃபோன் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு நுட்பமும் உண்டு. நீங்கள் போட்ட அடியை எதிரியின் கவசம் வாங்கிக்கொண்டது என்றால், அந்த அடி முறிக்கக்கூடிய வகையைச் சேர்ந்ததாக இருக்கும் பட்சத்தில், அதை அப்படியே முறித்து உங்கள் டிரைவ் இம்பேக்ட்டுக்கு மாறலாம். ரியூவின் குனிந்த நடுத்தர உதை இப்படி முறிக்கத் தக்கது. பொம்மையின் முன் அந்த உதையைப் போட்டுக்கொண்டே இருங்கள். கவசத்தில் பட்ட அந்த நொடியில் இரண்டு பட்டன்களையும் அழுத்துங்கள். வலிய குத்தையும் உதையையும் சேர்த்து அழுத்த விரல் தடுமாறினால், இரண்டையும் ஒரே பட்டனில் வைத்துக்கொள்ள அமைப்புப் பகுதியில் இடமுண்டு. அதில் குற்றம் எதுவும் இல்லை.

டிரைவ் பேரியைப் பற்றி ஒரு சொல்: நடுத்தரக் குத்தையும் உதையையும் அழுத்திய முதல் இரண்டு பிரேமுக்குள் அடி வந்து விழுந்தால் திரை ஒரு கணம் உறைந்து, பதிலடிக்கு வாய்ப்புக் கிடைக்கும். பார்க்க அழகானது, ஆனால் அதைத் துரத்திப் பேரியைப் பிடித்துக்கொண்டே நிற்பவரை எதிரி நடந்து வந்து பிடித்து எறிந்துவிடுவான், அந்த எறிதலும் வழக்கத்தைவிட அதிகமாக வலிக்கும். வந்துகொண்டிருக்கும் ஹடோக்கனுக்கு எதிராக மட்டும் பேரியைப் பயன்படுத்துவதிலிருந்து தொடங்குங்கள்.

இணையத்தில் இறங்கும்போது

நம் வீடுகளில் ரூட்டர் வரவேற்பறையில் இருக்கும், விளையாடும் பிள்ளை உள்ளறையில் இருப்பான். வைஃபையைக் கைவிட்டு நீளமான லேன் கம்பி ஒன்றைச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். லோயாட் பிளாசாவில் புதிய கண்ட்ரோலருக்குச் செலவிடப் போவதில் சிறு பகுதியே அதற்கு ஆகும், பலனோ அதைவிடப் பெரியது. எதிராளி கம்பியில் இருக்கிறாரா, வைஃபையிலா, இணைப்பின் தரம் என்ன என்பவற்றை ஆட்டம் தொடங்கும் முன்பே காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம்; தரம் குறைந்த அழைப்பை மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

தூரத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது. தோக்கியோ 5,000 கிலோமீட்டருக்கும் அப்பால். ஒளியிழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், போய்வர மட்டுமே 50 மில்லிநொடி, அதாவது மூன்று பிரேம் ஆகிவிடும்; நடைமுறையில் இன்னும் கூடும். எதிராளியின் அடுத்த செயலை ஊகித்து ஓட்டிப் பின்னர் திருத்திக்கொள்ளும் ரோல்பேக் முறை அந்தத் தாமதத்தைப் பெரும்பாலும் மறைத்துவிடும் என்றாலும், 26 பிரேமில் பதில் சொல்லப் பழகும் தொடக்க வாரங்களில் அண்டை நாட்டுக்காரர்களோடு ஆடுவதே மேல்.

தரவரிசை ஆட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. ரூக்கி, அயர்ன், பிரான்ஸ் என்று தொடங்கி மாஸ்டர் வரை செல்லும் அந்த வரிசை ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது, ஆகவே தல்சிமில் தோற்றால் ரியூவின் தரம் இறங்காது.

தோற்ற ஆட்டத்தின் பதிவை ஆட்டத்துக்குள்ளேயே திரும்பப் பார்க்கலாம். பார்க்கும்போது உயிர்க்கோட்டைப் பார்க்காமல் பச்சைக் கோட்டை மட்டும் தொடருங்கள். அது எந்த இடத்தில் தீர்ந்தது என்பதைக் கண்டு, அங்கிருந்து பத்து நொடி பின்னோக்கிச் சென்று, கட்டங்கள் எதில் போயின என்று எண்ணுங்கள்: தடுத்ததில் தேய்ந்ததா, பேரியைப் பிடித்ததில் கரைந்ததா, எட்டாத ஓவர்டிரைவில் வீணானதா. தடுத்ததில் என்றால் அடுத்த முறை டிரைவ் ரிவர்சலை முன்கூட்டியே போட்டு மூலையிலிருந்து வெளியேறுங்கள். பேரியில் என்றால் அந்தப் பட்டனை இரண்டு மூன்று ஆட்டங்களுக்குத் தொடாதீர்கள். ஓவர்டிரைவில் என்றால் அதே சிறப்பு அடியை ஒற்றைப் பட்டனில் போட்டாலும் அந்த இடத்தில் போதுமானதாக இருந்திருக்குமா என்று பயிற்சிக் களத்தில் சோதித்துப் பாருங்கள்.