ரோசா பார்க்ஸின் கதையை வகுப்பில் சொல்வது எப்படி

அமெரிக்காவில், 1955இல், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ். நாளெல்லாம் தைத்துக் களைத்த ஒரு பெண் கால்வலியால் பேருந்தில் எழ மறுத்தார் என்று பாடத்தைத் தொடங்காதீர்கள். தனக்கு உடல் அசதி ஏதும் இல்லை, விட்டுக்கொடுத்தே அலுத்துப்போயிருந்தது என்று ரோசா பார்க்ஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1943ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது நல்லது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரில், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கத்தின் கிளையில் அவர் சேர்ந்து செயலாளரானது அந்த ஆண்டில்தான். பேருந்தின் முன்வாசலில் கட்டணம் செலுத்திய ரோசாவை, இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறும்படி ஜேம்ஸ் பிளேக் என்ற ஓட்டுநர் விரட்டியதும் அதே ஆண்டில்தான். 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தை ஓட்டியவரும் இதே பிளேக் என்பதைச் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

அடுத்து, கரும்பலகையில் பேருந்தை வரையுங்கள். முன்பகுதியின் 10 இருக்கைகள் வெள்ளையருக்கு மட்டுமே உரியவை. ரோசா அவற்றில் உட்காரவில்லை, அவற்றுக்கு அடுத்த வரிசையில், கறுப்பின மக்களும் உட்காரக்கூடிய இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் அவசரப்படாமல், நான்கு மாணவர்களை ஒரே வரிசையில் நாற்காலிகளில் உட்காரவைத்து, ஐந்தாவதாக ஒருவரை நிற்கவையுங்கள். நின்ற வெள்ளையர் ஒருவர்தான் என்றாலும், கறுப்பினத்தவரோடு அவர் ஒரே வரிசையில் அமரக்கூடாது என்பதால் நால்வருமே எழ வேண்டியிருந்தது. மூவர் எழுந்தனர், ரோசாவோ, பக்கத்தில் இருந்தவர் எழுந்து போக வழிவிட்டு, ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்துவைத்த பிரிவினைச் சட்டம் எப்படிப்பட்டது என்பதை ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட அந்த நான்கு நாற்காலிகள் நன்றாகவே விளக்கிவிடும்.

கைது, 10 டாலர் அபராதம், அதை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய 381 நாள் பேருந்துப் புறக்கணிப்பு ஆகியவை எல்லா நூல்களிலும் இருப்பதால் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஆனால் அவருக்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 15 வயதில், அதே நகரில் எழ மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினை விட்டுவிடாதீர்கள். உச்ச நீதிமன்றம்வரை சென்று பேருந்துப் பிரிவினையை ஒழித்த வழக்கைத் தொடுத்தவர்களில் கால்வின் உண்டு, ரோசா இல்லை.

மணி அடிப்பதற்குள், அமெரிக்காவின் வடபகுதியில் உள்ள டெட்ராய்ட் நகருக்கும் வந்துவிடுங்கள். புறக்கணிப்பின்போது தையல் வேலையை இழந்த ரோசா, மாண்ட்கோமரியில் பிழைக்க வழியின்றி 1957இல் அங்கே குடியேறினார்; நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கானியர்ஸின் அலுவலகத்தில் நிலையான வேலை கிடைத்தது 1965இல்தான்.