முதலில் டிக்கெட், அப்புறம்தான் கோபுரம்: பிரான்சுக்குப் புதிதாகப் போகும் புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு

திருப்பதிக்கு 300 ரூபாய் தரிசன டிக்கெட் போட்டுப் பழகியவர்களுக்கு பாரிஸில் டிக்கெட் போடுவது பெரிய வித்தை இல்லை. தேதி, நேரம், எத்தனை பேர், அடையாள அட்டையில் உள்ளபடி பெயர், பணம், கடைசியில் கைப்பேசியில் வந்து விழும் ஒரு க்யூஆர் கட்டம். அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் நம் ஆட்கள் ஈஃபிள் கோபுரத்தின் அடியில் வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு, அண்ணாந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். பிச்சாவரத்தில் படகுக்குப் போகிற மாதிரி, நேரில் போய் கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்புதான் காரணம்.

இதை முத்தியால்பேட்டை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். குளிருக்குப் பயந்து ஜனவரியில் ஊருக்கு வந்துவிடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். வந்த நாளிலிருந்து ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். படிக்கப் போகிற பிள்ளைகள், 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டுப் போகிற பெண்கள், வேலை கிடைத்துப் போகிறவர்கள். வாடகை எவ்வளவு, ஸ்வெட்டர் இங்கேயே வாங்கவா, முருங்கைக்காய் எங்கே கிடைக்கும் என்று எல்லாம் கேட்பார்கள். டிக்கெட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. போய்ச் சேர்ந்து ஆறேழு மாதத்தில் அப்பா அம்மா சுற்றிப் பார்க்க வருவார்கள். வந்து இறங்கின மறுநாள் எனக்கு போன் வரும்: "அண்ணே, டவருக்கு நாளைக்கு டிக்கெட் கிடைக்குமா?" கிடைக்காது தம்பி. அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

முதல் விஷயம், விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எதையும் போடாதீர்கள். விசாவுக்கு மேரியில், அதாவது அங்குள்ள நகராட்சி அலுவலகத்தில், வாங்கும் வரவேற்புச் சான்றிதழ் கேட்பார்கள், காப்பீடு கேட்பார்கள், மியூசியம் டிக்கெட்டை யாரும் கேட்பதில்லை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே ஷெங்கன் விசாவுக்கு (பிரான்சையும் சேர்த்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா) விண்ணப்பிக்கலாம். ஈஃபிள் கோபுரத்தில் லிப்ட் டிக்கெட் 60 நாள் முன்னால்தான் விற்பனைக்குத் திறக்கும், படிக்கட்டு டிக்கெட் 14 நாள் முன்னால். ஆகவே விசாவை முதலிலேயே முடித்துவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்காது. பிரான்சில் இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் குறிப்பிட்ட தேதிக்கு வாங்கிய பொழுதுபோக்கு டிக்கெட்டுக்கு அந்த உரிமை கிடையாது. ஐரோப்பியச் சட்டமே அதை விலக்கி வைத்திருக்கிறது.

அடுத்தது, எங்கே வாங்குவது. தேடல் பெட்டியில் 'ஈஃபிள் டிக்கெட்' என்று அடித்தால் மேலே வருகிறவை பெரும்பாலும் விளம்பரங்கள். கோபுரத்தின் சொந்தத் தளம் டூர்ஈஃபல் டாட் பாரிஸ், அது கொஞ்சம் கீழே கிடக்கும். இடையில் விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். வழிகாட்டியோடு சேர்த்து விற்கிறார்கள், சிலருக்கு அது தேவையாகவும் இருக்கும். ஆனால் என்ன விற்கிறார்கள் என்பதை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். நான் படிக்கவில்லை.

நான் போய் இரண்டாவது வருடம் அப்பாவும் அம்மாவும் கடலூரிலிருந்து வந்தார்கள். 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு தளத்தில், கோபுரத்தின் சொந்த விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்து மூன்று டிக்கெட் வாங்கினேன். கையில் கொடி பிடித்த ஒரு பையன் வந்து எங்களை அழைத்துப் போனான். போய் நின்றால் படிக்கட்டு வாசல். பொடி எழுத்தில் அது இருந்திருக்கிறது. இரண்டாம் தளம்வரை 674 படி. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரும் நானும் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். அப்பா மட்டும் ஏறிவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "நம்ம திருவந்திபுரம் மலைக்கு 74 படி. இவன் முன்னாடி ஒரு ஆறைச் சேர்த்துட்டான்." அந்த ஆறுக்கு நான் கொடுத்த விலையை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

'வரிசை இல்லை' என்பதற்கு இன்னொரு விளக்கமும் வேண்டும். டிக்கெட் வாங்கும் வரிசைதான் இல்லை. பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு, எவ்வளவு பணம் கொடுத்தாலும். டிக்கெட்டில் 10.30 என்றால் அந்த வரிசையையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். ஊறுகாய் பாட்டிலை வீட்டில் விட்டுவிடுங்கள். கோபுரத்துக்குள் கண்ணாடிப் பாட்டிலை விடுவதில்லை. ஒரு முழு ஆவக்காய் பாட்டில் சோதனை மேசைக்குப் பக்கத்துத் தொட்டியில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

உச்சிவரை போக வேண்டுமா? என்னைக் கேட்டால் வயதானவர்களுக்கு இரண்டாம் தளமே போதும். ஊர் நன்றாகத் தெரிவது அங்கிருந்துதான், உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி ஆகிவிடும். சக்கர நாற்காலியோடு உச்சிக்கு விடுவதும் இல்லை. இருட்டின பிறகு த்ரொகதேரோ மேட்டில் போய் நின்றால், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மின்னும். அதற்குக் காசு கிடையாது, என் அம்மாவுக்குக் கடைசியில் பிடித்தது அதுதான்.

லூவர் மியூசியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நீங்கள் யார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் சேர்ந்தது) வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ, அங்கே குடியிருப்பவர்களுக்கும் அந்த நாட்டினருக்கும் 22 யூரோ. அதாவது ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு 32, உங்களுக்கு 22. மாமியாரிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தால், வாழ்நாளெல்லாம் உப்பளத்தை விட்டு நகராதவராக இருந்தாலும் அவருக்கு 22தான். 18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளைக்கும் இலவசம். படிக்கப் போகிற பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்: 26 வயது ஆகாமல், அங்கே குடியிருப்பதற்கான அட்டையும் இருந்தால் உங்களுக்கும் இலவசம். லூவர் மட்டுமல்ல, அரசுக்குச் சொந்தமான மியூசியங்கள் பலவற்றில் 2009 முதல் இந்தச் சலுகை இருக்கிறது. நம் பிள்ளைகள் பலர் இது தெரியாமல் முதல் வருடம் முழுக்கக் காசு கொடுக்கிறார்கள், தெரிந்தவர்களோ அட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இலவசமாக இருந்தாலும் நேரத்தை முன்பதிவு செய்துவிடுங்கள். பூஜ்யம் யூரோ டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது, பிடித்து வையுங்கள்.

லூவருக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆரோவில் மாத்ரிமந்திருக்குள் செவ்வாயன்று விடுவதில்லையே, அதை நினைவில் வைத்துக்கொண்டால் இதுவும் மறக்காது. ஒர்சே மியூசியத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள் விடுமுறை. கால் வலி உள்ளவர்களுக்கு லூவரில் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள், அடையாள அட்டையைக் கொடுத்து வைத்தால் போதும், கட்டணம் இல்லை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பெரியவர்களை உள்ளே வைத்திருக்கவும் வேண்டாம். கூட்டமே வேண்டாம் என்றால் கிமே மியூசியம் போகலாம். அங்கே நம் சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். அப்பா லூவரில் எதன் முன்னாலும் அரை நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை, அந்த நடராஜர் முன்னால் கால் மணி நேரம் நின்றார்.

நோத்ர்தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது. உள்ளே போக இலவசம். வேண்டுமானால் தேவாலயத்தின் சொந்தத் தளத்தில் நேரம் குறித்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம்தான். நுழைவு டிக்கெட் என்று யாராவது விற்றால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். தேவாலயத்தின் கோபுரம் ஏறுவதற்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு. மொம்மார்த் மேட்டில் இருக்கிற திரு இருதய பசிலிக்காவுக்கும் டிக்கெட் கிடையாது, நம் ரயில் நிலையத்துப் பக்கத்துப் பசிலிக்காவைப் போலவே. வில்லியனூர் மாதாவிடம் வேண்டிக்கொண்டு லூர்து போகிறவர்கள் நிறைய உண்டு. ரயிலுக்கும் தங்குவதற்கும்தான் செலவு, திருத்தலத்துக்குள் போகக் காசில்லை.

டிஸ்னிலேண்ட் பிள்ளைகளுக்காக. ஆர்இஆர் ஏ என்ற புறநகர் ரயிலில் கடைசி நிலையம். நாளுக்கு நாள் விலை மாறும், பள்ளி விடுமுறையில் ஏறும், சாதாரணச் செவ்வாய், வியாழனில் இறங்கும். 3 வயதுக்குக் கீழே இலவசம், 12 ஆகிவிட்டால் பெரியவர் கணக்கு. இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன, வாங்கும்போது ஒன்றா இரண்டா என்று பாருங்கள். ஒரு நாளில் இரண்டையும் சுற்றுவது பேரப்பிள்ளைகளால் முடியும், தாத்தாவால் முடியாது.

பணம் கட்டும் இடத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஊரில் வாங்கிய கார்டு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு மூடித்தான் வரும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி அப்படி. வங்கிச் செயலியில் போய் நீங்களேதான் திறந்துவிட வேண்டும். ஓடிபி ஊர் நம்பருக்கு வரும், அப்பாவின் சிம்மில் ரோமிங் இல்லையென்றால் வராது. பாதி டிக்கெட் போட்ட நிலையில் நேரம் முடிந்துவிட்டது என்று திரை வெளுத்துப்போகும். ரூபாயில் கட்டுகிறீர்களா யூரோவில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் அவர்கள் ஒரு கை பார்த்துவிடுவார்கள். ஈஃபிள் டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐயும் வந்திருக்கிறது, பெரியவர்கள் தங்கள் காசில்தான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடித்தால் அது ஒரு வழி.

பெயர் விஷயத்தில் நம் இனிஷியல் வம்பு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அதையே டிக்கெட்டிலும் போடுங்கள். பாரிஸில் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். அதே விசாவில் ரோம் போனால் கொலோசியத்தில் பார்ப்பார்கள், 2023 அக்டோபர் முதல் அங்கே டிக்கெட் பெயரோடுதான். ஸ்பெயினில் அல்ஹம்ப்ரா அரண்மனையிலும் பாஸ்போர்ட் கேட்பார்கள், நேரமும் கறார். ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய டிக்கெட்டைத் திறக்கிறார்கள், வாசலில் விற்பதே இல்லை. வத்திக்கானில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வேட்டி கட்டினால் குறையில்லை, மடித்துக் கட்டினால்தான் தகராறு. லண்டனுக்கு ஷெங்கன் விசா செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குத் தனி விசா, பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் இணையவழி முன் அனுமதி. நாடகத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் 19 என்றால் இரவு ஏழு மணி. கடலூரில் இருக்கும் தம்பி அங்கிருந்தே டிக்கெட் போட்டுக் கொடுத்தால், அவன் கைப்பேசி நாட்காட்டி அதை இந்திய நேரத்துக்கு மாற்றிக் காட்டும். டிக்கெட்டில் அச்சாகியிருப்பதை மட்டும் நம்புங்கள். மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அங்கே கடிகாரத்தையே மாற்றுவார்கள். ஊரோடு உள்ள வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை.

க்யூஆர் கட்டம் எல்லாம் ஒரே கைப்பேசியில் இருக்க வேண்டாம். ஆளுக்கொன்றாக அனுப்பிவிடுங்கள், பெரியவர்களுக்குத் தாளில் அச்சடித்துக் கொடுங்கள். ஆறு பேர் உள்ளே போக நிற்கையில், எல்லா டிக்கெட்டையும் வைத்திருந்த அத்தான் கழிப்பறையைத் தேடிப் போன கதை எங்கள் வீட்டில் உண்டு.

வேலைநிறுத்தம் வரும். 2024 பிப்ரவரியில் ஈஃபிள் கோபுரமே ஏறக்குறைய ஒரு வாரம் மூடிக் கிடந்தது. அப்படி மூடினால் சொந்தத் தளத்தில் வாங்கியவர்களுக்குப் பணம் வாங்கிய கார்டுக்கே திரும்பும். பக்கத்து வீட்டுக்காரர் கார்டில் போட்டிருந்தால் அவரிடம் போய்த்தான் நிற்க வேண்டும். அதனால் சொந்தக் கார்டில் போடுங்கள்.

நம் படம் பார்க்க ஆசை வந்தால் கிராண்ட் ரெக்ஸ் இருக்கிறது. 1932இல் கட்டிய தியேட்டர், பெரிய அரங்கில் மட்டும் சுமார் 2,700 இருக்கை. பெரிய நடிகர் படம் அங்கே போட்டால் விசில் சத்தத்தில் ரத்னா தியேட்டர் நினைவு வரும். டிக்கெட் திறந்த அன்றே வாங்கிவிடுங்கள், இந்த விஷயத்தில் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெற்றோர் ஆகஸ்ட் கடைசியில் வருவதாக இருந்தால் பாரிஸின் லா சப்பல் பகுதியில் மாணிக்க விநாயகர் தேர் ஓடும் ஞாயிற்றுக்கிழமை எது என்று பார்த்து, அந்த நாளில் வேறு எதற்கும் நேரம் குறிக்காமல் விட்டு வையுங்கள். தெருவெல்லாம் தேங்காய் உடைபடும், அதற்கு டிக்கெட் கிடையாது.