டயட்டில் இருக்கும்போது ரத்த தானம்: முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

எடை குறைக்க டயட் இருப்பவர்கள் ரத்தம் கொடுக்கலாமா? கொடுக்கலாம். கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்தே டயட்டைத் தளர்த்த வேண்டும். கொடுத்த பிறகு மூன்று நான்கு மாதம் இரும்புச்சத்தைக் கவனிக்க வேண்டும். முதலாவதை யாராவது சொல்லிவிடுவார்கள். இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம்.

படி 1: டயட் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

சோற்றைக் குறைத்து, காய்கறியைக் கூட்டி, மாதம் 2 கிலோ என்று நிதானமாகக் குறைகிறவருக்குப் பெரிய மாற்றம் எதுவும் தேவைப்படாது. பேலியோ, கீட்டோ ஆரம்பித்து முதல் இரண்டு வாரத்தில் இருப்பவர்கள் தள்ளிப் போடுவது நல்லது. மாவுச்சத்தை நிறுத்தியதும் ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைத்திருந்த சர்க்கரை இருப்பான கிளைகோஜன் கரைகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் வெளியேறும், உப்பும் சிறுநீரில் போகும். முதல் வாரம் குறையும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். உடம்பு ஏற்கெனவே நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு பை ரத்தமும் போனால் மயக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது. மூன்றாவது வாரத்துக்கு மேல் போங்கள்.

நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே, ஜூஸ் மட்டும், கஞ்சி மட்டும் என்று இருப்பவர்கள் அந்தத் திட்டம் முடியும்வரை ரத்தம் கொடுக்கவே வேண்டாம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் விதிப்படி 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் குடல் இரும்பை முன்போல உறிஞ்சாது என்பதால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே போகவும்.

எடை குறைந்ததால் சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றியிருக்கிறாரா? மாற்றி 4 வாரம் ஆகியிருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களிடம் ரத்தம் எடுப்பதில்லை. எடை குறைக்கும் ஊசி, பவுடர், லேகியம் எது எடுத்தாலும் அதன் பெயரை ரத்த வங்கி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 2: எடையையும் ஹீமோகுளோபினையும் புதிதாகப் பாருங்கள்

இந்தியாவில் 350 மி.லி. கொடுக்கக் குறைந்தது 45 கிலோ எடை வேண்டும். 450 மி.லி. என்றால் 55 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 8 மி.லி. அளவில் வரும், உடம்பு தாங்கும் கணக்கு அது. டயட்டில் இருப்பவர்கள் இந்தக் கோட்டை அறியாமலே தாண்டிவிடுகிறார்கள். போன முறை 58 கிலோவில் 450 கொடுத்தவர் இன்று 53 கிலோ என்றால் அவருக்கு 350 பைதான். முகாமில் எடையை வாயால் கேட்டு எழுதினால் பழைய எண்ணைச் சொல்லாதீர்கள், தராசில் ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் ஆணுக்கும் பெண்ணுக்கும் 100 மி.லி. ரத்தத்தில் 12.5 கிராம் இருக்க வேண்டும். விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டை நீல நிற காப்பர் சல்பேட் கரைசலில் விடுவார்கள், அது மூழ்கினால் தேர்வு. சில இடங்களில் சிறு கருவியில் எண்ணாகவே காட்டும். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் ரத்தம் செறிந்து, ஹீமோகுளோபின் உண்மையை விடச் சற்று அதிகமாகத் தெரியும். தண்ணீர் குடிக்காமல் வந்து பாஸ் ஆவது நல்ல பாஸ் அல்ல.

படி 3: மூன்று நாள் முன்பு டயட்டைத் தளர்த்துங்கள்

கலோரிக் குறைப்பை நிறுத்தி, எடை அப்படியே நிற்கும் அளவுக்குச் சாப்பிடுங்கள். 16 மணி நேர விரதம் இருப்பவர்கள் முந்தைய நாளிலிருந்தே அதை விடலாம். நாளுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் போகட்டும். உப்பைக் குறைத்திருந்தால் இரண்டு வேளை உப்பு போட்ட மோர் குடியுங்கள். முந்தின இரவு மது கூடாது. ஆறேழு மணி நேரத் தூக்கம் வேண்டும், நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே முகாமுக்குப் போகக் கூடாது.

அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்த தான நாள். அது புரட்டாசியில் விழுகிறது, அந்தச் சமயத்தில் முகாம்களும் நிறைய நடக்கும். சனிக்கிழமை விரதம் இருப்பவர்கள் வேறு கிழமையைத் தேர்ந்தெடுங்கள். விரதத்தில் இருப்பவர் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது விதி. ரமலான் நோன்புக்கும் இதுவே பொருந்தும்.

படி 4: அன்று காலை என்ன சாப்பிடுவது

கொடுப்பதற்கு ஒன்றரை இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, சாம்பார். அல்லது ராகிக் கஞ்சியும் சுண்டலும். மாவுச்சத்தைத் தவிர்ப்பவர் என்றால் இரண்டு அவித்த முட்டை, காய்கறிப் பொரியல், ஒரு கிண்ணம் தயிர்.

பேலியோக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: அன்று பட்டர் டீ வேண்டாம், நூறு பாதாம் வேண்டாம், நெய்யில் வறுத்த இறைச்சியும் வேண்டாம். முந்தின இரவு பிரியாணியும் அப்படித்தான். கொழுப்பு அதிகமான உணவுக்குப் பின் சில மணி நேரம் ரத்தத்தில் கொழுப்புத் துகள்கள் மிதக்கும். பையில் பிரித்தெடுத்த பிளாஸ்மா, தெளிவான மஞ்சளாக இல்லாமல் பால் போலக் கலங்கி நிற்கும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ் போன்ற கட்டாயப் பரிசோதனைகளின் முடிவை அந்தக் கலங்கல் குழப்பக்கூடும், பிளாஸ்மாவைக் கொட்ட வேண்டியும் வரலாம். உங்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, கொடுத்ததில் ஒரு பகுதி மட்டும் வீணாகியிருக்கும்.

ஊசி போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு 500 மி.லி. தண்ணீர் குடியுங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

படி 5: படிவத்தில் ஒரு கேள்வி

‘காரணம் தெரியாமல் எடை குறைந்ததா?’ என்று கேட்பார்கள். சில தொற்றுகளின் அறிகுறி என்பதால் கேட்கும் கேள்வி அது. சும்மா ‘ஆம்’ என்று டிக் செய்தால் திருப்பி அனுப்பக்கூடும். ‘டயட்டில் இருக்கிறேன், மூன்று மாதத்தில் 6 கிலோ குறைத்தேன்’ என்று விவரமாகச் சொல்லுங்கள். டயட் இல்லாமலே எடை குறைந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, ரத்தம் கொடுக்கும் முன் காரணத்தைப் பாருங்கள்.

படி 6: படுக்கையில்

ரத்தம் இறங்கும் 5 முதல் 10 நிமிடமும் கால்களைக் குறுக்காகப் போட்டு, தொடையையும் வயிற்றையும் ஐந்து விநாடி இறுக்கி, ஐந்து விநாடி விடுங்கள். காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏறும், பிபி சட்டென்று விழாது. கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், கண் இருட்டுவது ஆகியவை மயக்கத்தின் முன்னறிவிப்புகள். வெட்கப்படாமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், காலை உயர்த்திப் பிடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். பாதியில் நிறுத்த நேர்ந்தால் அந்தப் பை பயன்படாமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க ஊற்றியிருக்கும் மருந்து முழு அளவுக்கென்று கணக்கிட்டது.

படி 7: முதல் 24 மணி நேரம்

அங்கே தரும் ஜூஸையும் பிஸ்கட்டையும் ‘சுகர் இருக்கே’ என்று மறுக்காதீர்கள். இரண்டும் சேர்த்து 200 கலோரி அளவில்தான் வரும். உட்கார்ந்து அதைச் சாப்பிடும் 15 நிமிடம்தான் முக்கியம், எழுந்து நடந்த பிறகு விழுபவர்களும் உண்டு. வண்டியை உடனே எடுக்க வேண்டாம். வெந்நீர்க் குளியல், ஏணி, பஸ்ஸில் நின்றபடி நெடும் பயணம் எல்லாம் நாளைக்கு. ஜிம்மும் நாளைக்குத்தான். ஊசி குத்திய இடத்தில் போட்ட கட்டை 4 மணி நேரம் கழற்றாதீர்கள். வழக்கத்தை விட 3, 4 தம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடியுங்கள், இரவு முழுச் சாப்பாடு சாப்பிடுங்கள்.

மறுநாள் தராசைப் பார்த்து மகிழவும் வேண்டாம். 350 மி.லி. ரத்தத்தின் எடை சுமார் 370 கிராம். அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் திரும்பிவிடும். ‘ஒருமுறை ரத்தம் கொடுத்தால் 650 கலோரி எரியும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி ஒரு வேளைகூடக் குறைக்காதீர்கள். புதிய அணுக்களை உடம்பு பல வாரம் எடுத்துச் செய்கிறது, அதற்குப் புரதம் வேண்டும்.

மூன்றாம் நாள் டயட்டுக்குத் திரும்பலாம். கலோரிக் குறைப்பு நாளுக்கு 500க்குள் இருக்கட்டும். இரண்டு மூன்று வாரம் ஓட்டத்தில் சீக்கிரம் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் இறங்கியிருப்பதால் அப்படி, பயிற்சியைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது.

படி 8: அடுத்த நான்கு மாதம், இரும்பு

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஹீமோகுளோபின் 13 உள்ளவர் 350 மி.லி. கொடுத்தால் சுமார் 45 கிராம் ஹீமோகுளோபின் போகிறது. ஒரு கிராமில் 3.4 மி.கி. இரும்பு, ஆக 150 மி.கி. உடம்பு நாளுக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மி.கி.தான், அதுவும் அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாகிவிடும். சேமிப்பு குறைந்தால் குடல் கூடுதலாக உறிஞ்சும் என்பது உண்மை. அப்படி நாளுக்கு 1 மி.கி. மிச்சமானாலும் 150 நாள் ஆகும். விதிப்படி ஆண்கள் 90 நாளிலும் பெண்கள் 120 நாளிலும் மறுபடி கொடுக்கலாம், ஆனால் குறைத்துச் சாப்பிடுகிறவருக்கு அந்த இடைவெளி போதாமல் போகலாம்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி நாளுக்கு ஆணுக்கு 19 மி.கி., பெண்ணுக்கு 29 மி.கி. இரும்பு உணவில் வேண்டும். சாப்பாடு பாதியானால் இரும்பும் பாதியாகும், கம்பையும் பருப்பையும் கீரையையும் குறைத்தால் இன்னும் கீழே போகும். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நிறத்தை வைத்துச் சொல்வது. பீட்ரூட் 100 கிராமில் 1 மி.கி.கூட இல்லை, மாதுளையில் அதிலும் பாதி தேறாது. கம்பில் 6 மி.கி.க்கு மேல் இருக்கிறது. அசைவம் உண்பவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) சிறந்தவை: கலோரி குறைவு, இரும்பு அதிகம், எளிதாக உறிஞ்சப்படும். வாரம் ஒருமுறை 75 கிராம் போதும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் ஈரலைத் தவிர்க்கவும், அதில் வைட்டமின் ஏ மிகுதி.

கீரை, பருப்பு சாப்பிடும்போது எலுமிச்சை பிழியுங்கள், அல்லது பாதி கொய்யாவோ ஒரு நெல்லிக்காயோ கூடச் சேரட்டும். காபி, டீ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். பசியை அடக்க நாளெல்லாம் கிரீன் டீ குடிப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இரும்பு மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் உறிஞ்சுவது நன்றாக இருக்கும், வயிற்றுப் பிரச்சினையும் குறையும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான்.

அடுத்த முறை கொடுக்கும் முன், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 13 என்று காட்டும்போதே சேமிப்பு காலியாகியிருக்கலாம். ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் இன்னும் மூன்று மாதம் போகட்டும். ஹீமோகுளோபின் போதாமல் திருப்பி அனுப்பினால், அதிலும் நீங்கள் ஆணாக இருந்தால், டயட்டின் மேல் பழி போட்டு டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். மூலமோ குடல்புண்ணோ தெரியாமல் ரத்தத்தை வடித்துக்கொண்டிருக்கலாம். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.