முத்திரை இல்லாத கடிதத்தையும் எடுத்து வையுங்கள்

வன்னியில் பழைய கடிதம் தேடுகிறவர்கள் வீடு வீடாகத்தான் போகவேண்டும். இடம்பெயர்ந்த சனம் காணி உறுதியோடு சேர்த்துக் கட்டித்தான் கடிதங்களையும் தூக்கிக்கொண்டு ஓடியது. மாங்குளத்தில் என் மாமி பால்மா டின்னுக்குள் வைத்திருந்தா.

கடிதத்தை விரிக்க முதல் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். உறையை மட்டும் பார்க்க விட்டால் அதுவே போதும். அங்கேயே இருபக்கமும் படமெடுத்துத் திருப்பிக் கொடுங்கள்.

முத்திரையை ஒருபோதும் வெட்டாதீர்கள். பத்து வயதில் பெரியப்பாவின் கடிதங்களைத் தண்ணீரில் ஊறவைத்து முத்திரைகளைக் கழற்றினேன். ஊரும் திகதியும் காட்டுகிற தபாற்கந்தோர்க் குத்தின் பாதி முத்திரையோடு வந்தது, மற்றப் பாதி உறையோடு குப்பைக்குப் போனது. அவர் எங்கிருந்து எழுதினார் என்று இனி அறிய வழியில்லை. குத்து மங்கியிருந்தால் ரோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள்.

திகதி இல்லையா? முத்திரையில் ‘சிலோன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது 1972 மேக்கு முன் அச்சானது. முல்லைத்தீவு 1978இலும் கிளிநொச்சி 1984இலும்தான் தனி மாவட்டமாகின. கிளிநொச்சி விலாசத்தில் யாழ்ப்பாண மாவட்டம் என்றிருந்தால் 1984க்கு முந்தியதாக இருக்கலாம். பழக்கத்தில் பிறகும் அப்படி எழுதியவர்கள் இருப்பார்கள், அதனால் இதை மட்டும் நம்பாதீர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வந்து குடியேறிய மலையகக் குடும்பங்களிடமும் கேளுங்கள். தோட்டத்தில் நின்றுவிட்ட உறவுகள் எழுதியவை கிடைக்கலாம்.

சேகரிப்போர் பலர் முத்திரை இல்லாததை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய மனவருத்தம். போர்க்காலத்தில் எங்கள் கடிதங்களில் பல ஆட்களின் கையில்தான் போய்வந்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பச் செய்தித் தாள்களும் அப்படித்தான்: உறை ஒட்டாமல், குடும்ப விடயம் மட்டும் எழுதி, முத்திரையில்லாமல். மாமியின் டின்னில் எட்டாய் மடித்த ஒரு துண்டு இருந்தது. 1993இல் யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையிலுள்ள கிளாலிக் கடலால் படகில் வந்தது. உப்புத்தண்ணீர் பட்டு மை நீலமாய்ப் படர்ந்துவிட்டது. “பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது” என்ற ஒரு வரி மட்டும் தெளிவு. இப்படியானதுக்கு யார் கொண்டுவந்தது, எந்தப் பாதையால் என்று அன்றைக்கே கேட்டுக் கொப்பியில் எழுதி இலக்கமிடுங்கள். கடிதத்தில் எதுவும் எழுதவேண்டாம்.

செலோரேப், லமினேற் இரண்டும் வேண்டாம். குத்தூசி துருப்பிடிக்கும், மெல்லக் கழற்றுங்கள். நனைந்ததை வெயிலில் போடாமல் நிழலில் காயவிடுங்கள். அமிலமில்லாத தாளுக்குள் வைத்து, கறையான் ஏறாத இரும்பு அலுமாரியில், நிலத்துக்கு உயரமாக வையுங்கள்.

கிளாலித் துண்டு மாமியிடமே இருக்கிறது, இப்போது தாளுக்குள் வைத்து. என்னிடம் படமும் கொப்பியில் 14ஆம் இலக்கமும்.